அறியாமை ஒழிந்த வெள்ளிக்கிழமை

மனித குலம் தோன்றிய நாள்முதல் அதைப் பீடித்துவந்த அறியாமை என்னும் பெரும்பிணி, வரும் வெள்ளிக்கிழமை முற்பகல் பத்தரை மணிக்கு இம்மாவட்டத்திலிருந்து அடியோடு ஒழிக்கப்படும் என்பது இதன்மூலம் பெருமகிழ்ச்சியுடன் தெரிவிக்கப்படுகிறது. ஒழிப்பு விழா கீழப்பாறைப்பட்டி அரசு மேல்நிலைப் பள்ளி வளாகத்தில் நடைபெறும். இயக்குநர் அவர்கள் நேரில் வருகைதருவதால், அன்று ஒருநாளாவது கழிப்பறையில் தண்ணீர் வருவதைத் தலைமையாசிரியர் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இந்தச் சுற்றறிக்கையைத் தலைமையாசிரியர் குருநாதன் திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் வாசித்தார். கடைசி வாக்கியத்தை மட்டும் தனக்குள் வாசித்துக்கொண்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அந்தப் பள்ளியில் ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது. இப்போது பிரச்சினையே அவள்தான்.

ஆண்டு 2041. 'அனைவர்க்கும் புரிதல்' திட்டம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் காதுக்குப் பின்னாலும் கொள்ளுப்பயறு அளவில் ஒரு வில்லை ஒட்டியிருக்கும். தலைக்குள் நடப்பதை அது மோப்பம் பிடித்து, பெஞ்சின் மேலிருக்கும் சின்ன விளக்குக்குச் சொல்லும். புரிந்தால் பச்சை. புரியாவிட்டால் சிவப்பு. நடுவில் தத்தளித்தால் மஞ்சள்.

சிவந்துவிட்டால் அந்தப் பிள்ளையை யாரும் கைவிட முடியாது. வகுப்புச் சுவரிலிருக்கும் பெட்டி தகவல் அனுப்பும்; மூன்றடுக்கு உதவி பாயும். முதல் அடுக்கில் ஆசிரியர் மறுபடியும் சொல்லித்தருவார். இது திட்டத்துக்கு முன்பும் நடந்ததுதான்; அப்போது அதற்கு அடுக்கு என்று பெயர் வைக்கத் தோன்றவில்லை. இரண்டாவது அடுக்கில் உதவி அணி வகுப்புக்கு வந்து பிள்ளையைச் சூழ்ந்துகொள்ளும். அதற்கும் மசியாவிட்டால் மூன்றாவது அடுக்கு: மாவட்டத் தலைநகரில் உறைவிட மையம். வேன் வந்து கூட்டிப்போகும். பச்சை ஆகிறவரை அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். பக்கத்து ஊரிலிருந்து போன பையன் ஒருவன் ஒரு பருவம் கழித்துத் திரும்பிவந்தான். "சாப்பிட்டியா?" என்றால் தலையாட்டினான். "பேர் என்ன?" என்றாலும் தலையாட்டினான். மையத்தின் வெற்றிக் கதைகளில் அவன் படம் அட்டையிலேயே வந்தது.

கீழப்பாறைப்பட்டிப் பள்ளியில் திட்டம் அமோகமாக நடந்தது. ஆரம்பத்தில் சில தொல்லைகள் இருந்தன. அறிவியல் வகுப்பில் ஒரு பையன் திடீரென்று "அட!" என்று துள்ளினான், விளக்கு சிவந்தது, உதவி அணி ஓடிவந்தது. அதற்குப் பிறகு அவன் துள்ளியதில்லை. இப்போது பள்ளி முழுக்கப் பச்சை. எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவில், மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில், வைரமணியின் விளக்கைத் தவிர.

அந்த வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர் மங்கையர்க்கரசி. ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான். குரல் பாதி போய்விட்டது. முழங்கால் முழுதும் போய்விட்டது. பாக்கியிருப்பது பாடத்திட்டம்.

"மைனஸ் ரெண்டு இன்ட்டு மைனஸ் மூணு. என்ன வரும்?"

"பிளஸ் ஆறு டீச்சர்ர்ர்!"

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்ர்ர்!"

வகுப்பு வயல்போலப் பச்சையாகக் கிடந்தது. மூன்றாவது பெஞ்ச் ஓரம் மட்டும் சிவப்பு.

"உனக்கு என்னடி?"

வைரமணி எழுந்து நின்றாள். ஒல்லியான பெண். பயமெல்லாம் இல்லை, சங்கடம்தான்.

"விடை ஆறுன்னு தெரியும் டீச்சர். ஏன் பிளஸ்ஸுன்னுதான் தெரியலை. இல்லாத ஒன்னை இல்லாத தடவை பெருக்கினா, இருக்கிற ஒன்னு எப்படி டீச்சர் வரும்?"

"விளக்கு பூஜை ஆரம்பிச்சாச்சுடோய்," என்றது கடைசி பெஞ்ச். வகுப்பு சிரித்தது.

"அதுதான் விதி," என்றார் மங்கையர்க்கரசி.

"யார் போட்ட விதி டீச்சர்?"

இத்தனை வருட உத்தியோகத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் கேட்டதில்லை. பரீட்சையில் வராத கேள்வி.

செவ்வாய்க்கிழமை உதவி அணி வந்தது. அணியின் தலைவர் குருநாதனேதான். வரலாறு படித்தவர். உடன் வந்தவர் உடற்பயிற்சி ஆசிரியர் சகாயம். வேறு வேலை இல்லாதவர் என்று கருதப்பட்டதால் எல்லா அணியிலும் அவர் உண்டு.

"இங்க பாரும்மா," என்றார் குருநாதன். "சிப்பாய்க் கலகம் எப்ப நடந்துச்சு?"

"ஆயிரத்து எண்ணூத்து அம்பத்தேழு சார்."

"ஏன் அம்பத்தேழு? ஏன் அம்பத்தாறுல நடக்கலைன்னு கேட்டியா? கேக்கலைல்ல? அந்த மாதிரிதான் இதுவும்."

"கேட்டேன் சார். ஆறாம் வகுப்புல. நீங்கதான் உக்காருன்னு சொன்னீங்க."

குருநாதன் விளக்கைப் பார்த்தார். அது பழையபடியே இருந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மங்கையர்க்கரசியை வெளியே கூப்பிட்டார்.

"டீச்சர், வெள்ளிக்கிழமை இயக்குநர் வர்றார். மாவட்டத்துலயே மிச்சம் இருக்கிற ஒரே சிவப்பு நம்மகிட்டதான். வியாழக்கிழமை சாயங்காலம் வேன் வருது. அதுக்குள்ள பச்சையாகலைன்னா ஏத்தி அனுப்பிடச் சொல்லிட்டாங்க."

"ஒரு சந்தேகத்துக்கா சார்?"

"சந்தேகம்னு எதுவும் திட்டத்துல இல்லை டீச்சர். சிவப்பு, மஞ்சள், பச்சை. அவ்வளவுதான்."

மறுநாள் காலையில் வைரமணியின் அம்மா பேச்சியம்மாள் வந்தாள். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சாயங்கால இட்லிக் கடை போடுகிறவள். கணவன் இல்லை. மகள்தான் இலை போடுவதும் சட்னி ஊற்றுவதும்.

"உங்க மகளை நல்ல இடத்துக்குத்தாம்மா அனுப்புறோம்," என்றார் குருநாதன்.

"நல்ல இடம்னா உங்க மகனையும் அனுப்பியிருப்பீங்களே சார்."

குருநாதன் மேசை மேலிருந்த காகித எடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"அவ கேள்வி கேக்குற பிள்ளை சார். என்கிட்டயும்தான் கேப்பா. ஈட்டுத் துணியை எதுக்கும்மா நனைக்கிறேன்னா. இட்லி ஒட்டாம வரணும்லடின்னேன். நனைச்சா ஏன் ஒட்டாதுன்னா. போடி, போய் வாளியில தண்ணி எடுத்துட்டு வான்னேன். அத்தோட முடிஞ்சுபோச்சு. இதுக்கெல்லாமா வேன் வச்சுக் கூட்டிட்டுப் போவாங்க?" பிறகு மங்கையர்க்கரசியின் பக்கம் திரும்பினாள். "டீச்சர், அவ கொஞ்சம் மந்தமாவே இருந்துட்டுப் போகட்டும். என்கிட்டயே இருக்கட்டும். ஏதாவது பண்ணுங்க."

மந்தம் இல்லை என்று சொல்ல மங்கையர்க்கரசி வாயெடுத்தார். ஆதாரம் கேட்டால் காட்ட அவரிடம் சிவப்பு வெளிச்சம் ஒன்றுதான் இருந்தது. 

அன்று மதியம் சகாயம் வந்து, "டீச்சர், நான் ஒருதரம் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டா? எனக்குக் கணக்கு வராது. டிரில்தான் வரும்," என்றார்.

பெஞ்ச் விளக்கைக் கழற்றி மங்கையர்க்கரசி கையில் எடுத்துக்கொண்டார். வேப்பமரத்தடியில் வைரமணியை நிறுத்தினார் சகாயம்.

"கொடிமரத்தைப் பாத்து நில்லு. அந்தப் பக்கம் பிளஸ்ஸு. பின்னாடி திரும்பு! இது மைனஸு. இப்ப அப்படியே பின்பக்கமா நட. அதுவும் மைனஸு. நட, நட... எங்க போய்க்கிட்டு இருக்கே?"

"கொடிமரத்துக்கு சார்."

"ஆச்சா? திரும்பினது ஒன்னு, பின்னால நடந்தது ஒன்னு. ரெண்டும் சேந்தா முன்னாலதான்."

மங்கையர்க்கரசியின் கையில் விளக்கு துடித்தது. சிவப்பு வெளுத்தது. மஞ்சள்!

அவர் விளக்கை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். இத்தனை வருடமாக 'புரிஞ்சுதா' என்று கேட்டு, 'புரிஞ்சுது' என்று வாங்கி, வீட்டுக்குப் போய்ச் சமைத்திருக்கிறார். ஒரு தலைக்குள் ஒன்று புரிய ஆரம்பிப்பதைக் கண்ணால் பார்த்தது இதுவே முதல் தடவை. கொஞ்ச நேரம் முழங்கால் வலிகூடத் தெரியவில்லை.

வைரமணி கொடிமரத்தில் முதுகு முட்டி நின்றாள். யோசித்தாள்.

"திரும்பினது சரி சார். நடந்ததும் சரி. ஆனா இதுல பெருக்கல் எங்க சார் இருக்கு?"

சகாயம் விசிலை எடுத்து வாயில் வைத்தார். ஊதவில்லை.

"நல்ல கேள்வி," என்றார் மெதுவாக. "எனக்கும் இப்பத்தான் தோணுது."

விளக்கு மஞ்சளிலேயே நின்றது. இன்னும் ஒரு வாரம், போனால் பத்து நாள் கிடைத்தால் போதும் என்று மங்கையர்க்கரசிக்குப் பட்டது. அன்று வீட்டில் பழைய கல்லூரிப் புத்தகத்தைத் தேடினார். கரையான் தின்ற பக்கங்கள் போக மீதியில் அந்த விதி இருந்தது. காரணம் இல்லை.

வியாழக்கிழமை காலை, வில்லையில் ஏதும் பழுதா என்று பார்க்க, அதைச் செய்த நிறுவனத்திலிருந்து கிளமெண்ட் வந்தான். பைக்கிலேயே மாவட்டம் முழுக்கச் சுற்றிக் கறுத்த இளைஞன். வைரமணியின் வில்லையைக் கருவியில் வைத்துப் பார்த்தான்.

"பழுது ஒன்னும் இல்லை மேடம். சொல்லப்போனா இந்த ஸ்கூல்லயே ஒழுங்கா வேலை செய்யறது இது ஒன்னுதான்."

"அப்படின்னா?"

கிளமெண்ட் சுற்றுமுற்றும் பார்த்தான். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நெடுநாளாகக் காத்திருந்தவன்போல உட்கார்ந்தான்.

"ஒட்டின உடனே வில்லைக்கு எது புரிஞ்ச தலை, எது புரியாத தலைன்னு தெரியாது மேடம். நாமதான் அளவெடுத்துக் காட்டணும். ஒரு பிள்ளைக்குப் புதுசா ஒன்னு சொல்லிக்கொடுத்து, நெஜமாவே புரியுற வரைக்கும் காத்திருந்து, அந்த நேரத்துல தலைக்குள்ள என்ன ஓடுதுன்னு பதிஞ்சுக்கணும். அப்படி ஒவ்வொரு பிள்ளையா உக்காரவச்சு எடுத்தா ஒரு ஸ்கூலுக்கு ஒரு மாசம் ஆகும். எங்களுக்குக் கொடுத்தது அரை நாள்."

"அப்ப எப்படி எடுத்தீங்க?"

"ஹெச்.எம். சார்தான் வழி சொன்னார். எல்லாரையும் காலையில அசெம்பிளில நிக்கவச்சு, மைக்கில 'எல்லாருக்கும் புரிஞ்சுதா?'ன்னு கேட்டார். எல்லாரும் 'புரிஞ்சுது சார்ர்ர்'ன்னாங்க. அந்த நொடியைப் பதிஞ்சுக்கிட்டோம்."

"அதுக்கு முன்னாடி என்ன சொல்லிக்கொடுத்தார்?"

"எதுவுமே சொல்லிக்கொடுக்கலை மேடம். புரிஞ்சுதான்னு மட்டும்தான் கேட்டார்."

மங்கையர்க்கரசி நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"புரியாததை?"

"'யாருக்குப் புரியலை, கை தூக்கு'ன்னார். ஒருத்தரும் தூக்கலை. அதனால அந்த ஒரு நிலையைத் தவிர மத்ததெல்லாம் புரியாததுன்னு போட்டுட்டோம். ஒன்னும் பிரச்சினை வரலை. வகுப்புல பசங்க எப்பவும் அந்த நிலையிலதான் மேடம் இருக்காங்க."

"வைரமணி?"

"அந்தப் பாப்பாவுக்கு அன்னைக்கு அம்மை போட்டிருந்தது. அப்புறம் நான் தனியா வந்து, மேனுவல்ல இருக்கிற மாதிரி, பைக்கு செயின் எப்படிச் சுத்துதுன்னு சொல்லிக்கொடுத்து எடுத்தேன். செமையாக் கேள்வி கேட்டுது. நல்லா இருந்துச்சு மேடம் அன்னைக்கு."

"தம்பி, இதை மேல சொல்லணுமே."

"எல்லா ஸ்கூல்லயும் இப்படித்தான் மேடம் எடுத்தோம். ஊருக்கு ஊரு ஹெச்.எம். வேற, 'புரிஞ்சுது சார்' ஒன்னுதான். இப்பப் போய்த் திருப்பி எடுத்தா மாவட்டமே சிவந்துடும். மூணாவது அடுக்குல இருக்கிறது இருநூறு கட்டில்."

குருநாதனிடம் போனார்கள். அவர் முழுதும் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே பந்தல்காரர்கள் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, அந்தப் பிள்ளைக்கும் எல்லாரையும் மாதிரியே அளவெடுத்துடுங்க."

"சார்," என்றார் மங்கையர்க்கரசி, "நேத்து மஞ்சள் வரைக்கும் வந்துட்டா. ஒரு வாரம் கொடுத்தீங்கன்னா அவளுக்கு நெஜமாவே..."

"உங்களுக்கு ஒரு வாரம் வேணும் டீச்சர். வேனுக்கு அது தெரியாதே. சாயங்காலம் வந்து நிக்கும்."

"அந்த ஒரு விளக்குதான் சார் உண்மை சொல்லுது."

"ஆமா. அது உண்மையைச் சொன்னா அவ வேன்ல போவா. நீங்களே முடிவு பண்ணுங்க."

மங்கையர்க்கரசி முடிவு பண்ணினார். வகுப்புக்குப் போய் வைரமணியின் பக்கத்தில் குனிந்தார்.

"உங்க அம்மாகூட இருக்கணுமா, வேண்டாமா?"

"இருக்கணும் டீச்சர்."

"அப்ப நான் கேட்கும்போது எல்லார்கூடவும் சேந்து புரிஞ்சுதுன்னு சொல்லு."

"எனக்குப் புரியலையே டீச்சர்."

"தெரியும். சொல்லு."

கிளமெண்ட் கருவியைத் திறந்து தயாரானான்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்ர்ர்!"

கிளமெண்ட் உதட்டைப் பிதுக்கினான். "பாப்பா யோசிக்குது மேடம். அளவு நிக்கலை."

"யோசிக்காதடி," என்றார் மங்கையர்க்கரசி.  "பக்கத்துல இருக்கிறவங்க எப்படிச் சொல்றாங்களோ அப்படிச் சொல்லு. வாய் மட்டும் போதும்."

இரண்டாம் தடவையும் சரியாக வரவில்லை. அதற்கடுத்த தடவை வைரமணி கண்ணைக் கரும்பலகைக்கு மேலே, சுவரில் எதுவுமில்லாத ஓர் இடத்தில் வைத்தாள். தோளைத் தளர்த்தினாள். கடைசியில் 'ர்ர்ர்' என்ற இழுப்பு மற்றவர்களோடு பிசகாமல் சேர்ந்தது.

"கச்சிதம்," என்றான் கிளமெண்ட். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

விளக்கு பச்சையானது. சாயங்காலம் வந்த வேன் வெறுமனே திரும்பிப் போனது. பேச்சியம்மாள் ஒரு தூக்குவாளி நிறைய இட்லி கொண்டுவந்து ஆசிரியர் அறையில் வைத்தாள். மங்கையர்க்கரசி ஒன்று எடுத்துக்கொண்டார். 

வெள்ளிக்கிழமை விழா சிறப்பாக நடந்தது. பத்தரைக்கு ஒழியவேண்டிய அறியாமை, இயக்குநரின் கார் தாமதமானதால் பன்னிரண்டேகாலுக்கு ஒழிந்தது. பந்தலில் பிள்ளைகள் மடியில் விளக்குகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கற்றல் விளைவுகளின் பன்முக ஒருங்கிணைப்பில் விளிம்புநிலைத் தரவுகளின் பங்கு குறித்து இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார். குருநாதனுக்குப் புரியவில்லை. சகாயம் நின்றபடியே தூங்கினார். பந்தல் முழுக்கப் பச்சை; ஒரு விளக்குகூடச் சிணுங்கவில்லை. இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பேச்சு இத்தனை பேருக்குப் புரிவது என் வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை," என்றார். கேடயம் கொடுத்தார். கழிப்பறையில் தண்ணீர் அவர் கார் வெளியேறும்வரை வந்தது.

திங்கட்கிழமை மங்கையர்க்கரசி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். எழுதிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். வழக்கம்போல அவர் கண் மூன்றாவது பெஞ்ச் ஓரத்துக்குத்தான் போனது. பச்சை. தான் சொல்வது போய்ச் சேர்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அந்தப் பள்ளியில் இனி வழியில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மறுபடி எழுத ஆரம்பித்தார்.

"டீச்சர்!"

வைரமணி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கூப்பிடாமலேயே. முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"டீச்சர், அந்த மைனஸ்! நேத்து கடையில மாவுச் சட்டியைப் பாத்துக்கிட்டே இருந்தேன் டீச்சர். ஒவ்வொரு ஈடு இட்லி ஊத்தும்போதும் மாவு ரெண்டு விரல் இறங்குது. இறங்குறது மைனஸ் ரெண்டு. சரியா? இன்னும் மூணு ஈடு ஊத்தினா ஆறு விரல் இறங்கும். அது மைனஸ் ஆறு. ஆனா மூணு ஈட்டுக்கு முன்னாடி? முன்னாடிங்கிறது மைனஸ் மூணு. அப்ப மாவு ஆறு விரல் மேலதானே டீச்சர் இருந்திருக்கும்! இறங்குறதையே பின்னாடி போய்ப் பாத்தா ஏறித்தான் டீச்சர் இருக்கும்! பெருக்கல் அங்கதான் இருக்கு! நான்தான் இவ்வளவு நாளா..."

மங்கையர்க்கரசி கையிலிருந்த சாக்பீஸைக் கீழே விட்டார். மாவு ஆறு விரல் மேலே. ஆமாம். ஆமாம், அப்படித்தான். தன் காலத்தில் யாராவது ஒருவர் தனக்கும் ஒரு மாவுச் சட்டியைக் காட்டியிருக்கலாம்.

"வைரமணி," என்றார். "நீ..."

அப்போதுதான் அவளுடைய விளக்கைப் பார்த்தார். செக்கச்செவேல் என்றிருந்தது.

சுவர்ப் பெட்டி மணியடித்தது. *வைரமணிக்குப் புரியவில்லை. உதவி அணி வருகிறது.*

"இல்லை, இல்லை," என்று மங்கையர்க்கரசி பெட்டியைப் பார்த்துச் சொன்னார். அது கேட்கிற பெட்டி இல்லை. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. குருநாதனும் சகாயமும் உள்ளே வந்தார்கள்.

"சார், அவளுக்குப் புரிஞ்சுடுச்சு. நெஜமாவே புரிஞ்சுடுச்சு. அதனாலதான்."

குருநாதன் விளக்கையும் பார்த்தார், வாசல் வழியே தன் அறைச் சுவரில் மாட்டியிருந்த கேடயத்தையும் பார்த்தார். "டீச்சர், இப்படியே கிடந்தா பெட்டி தானாவே வேனுக்குச் சொல்லிடும். உங்களுக்குத் தெரியாததா?"

மங்கையர்க்கரசிக்குத் தெரியும். ஒதுங்கி நின்றார்.

சகாயம் வைரமணியின் பக்கத்தில் உட்கார்ந்தார். "கண்ணை மூடும்மா. மூச்சை இழு... விடு. மாவு, சட்டி எல்லாத்தையும் விடு. சுவத்தைப் பாரு. சார் கேக்குறேன், சொல்லணும். புரிஞ்சுதா?"

மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அவளைப் பச்சைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.